யூதக் கல்வி மரபு: தலைமுறைகள் வழியாக எது கைமாறுகிறது?

#1 – ஏட்டுச்சுவடி

வணக்கம் நண்பர்களே. கொஞ்ச நாளாக யூதர்களின் கல்வி வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாடு கையில் இல்லை, ஊர் ஊராக விரட்டப்பட்டார்கள். ஆனாலும் பாபிலோனில் ஒரு பையன் உரக்க வாசித்த வரியை, பல நூற்றாண்டு கழித்து ஜெர்மனியிலும் ஏமனிலும் ஒரு பையன் உரக்க வாசித்திருக்கிறான். இன்றைக்கும் வாசிக்கிறான். இது எப்படி முடிந்தது என்பதுதான் என் கேள்வி.

படித்ததில் என் மனதில் நின்றதைச் சொல்கிறேன். பிள்ளைக்குக் கற்பிப்பது தகப்பன் கடமை என்று உபாகமம் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது: வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும். சரி, தகப்பன் இல்லாத பிள்ளை? யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தால்முதில் பாபா பத்ரா என்ற பகுதியில் இதற்கு ஒரு சின்ன வரலாறே இருக்கிறது. ஆரம்பத்தில் அப்பா இருந்த பிள்ளை படித்தது, இல்லாத பிள்ளை படிக்கவில்லை. அதனால் ஜெருசலேமில் ஆசிரியர்களை வைத்தார்கள். அங்கேயும் அப்பா கூட்டிப்போன பிள்ளைதான் போய்ச் சேர்ந்தது. பிறகு வட்டாரம்தோறும் ஆசிரியரை வைத்து 16, 17 வயதுப் பையன்களைச் சேர்த்தார்கள். அந்த வயதுப் பையனை வாத்தியார் கடிந்துகொண்டால் உதறிவிட்டுப் போய்விடுவான். கடைசியில் யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு, ஒவ்வொரு ஊரிலும் ஆசிரியர் இருக்கவேண்டும், 6, 7 வயதிலேயே சேர்க்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஜெருசலேம் கோயில் கி.பி. 70-இல் அழிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அவர் இல்லாவிட்டால் இஸ்ரவேலில் தோரா, அதாவது மோசேயின் வேதம், மறந்தே போயிருக்கும் என்கிறது தால்முத்.

அதே இடத்தில் ராவா என்ற அறிஞர் வகுப்பின் அளவையும் சொல்கிறார். ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 40 ஆனால் உதவியாளர் ஒருவர், அவர் செலவு ஊர்ப் பொறுப்பு. 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள். பாபிலோனில் நான்காம் நூற்றாண்டில் பேசிய பேச்சு இது.

தகப்பன் இல்லாத பிள்ளையை நினைத்து எழுந்த ஏற்பாடு என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் ஏற்பாடு மட்டும் இரண்டாயிரம் வருடம் தாங்காது. வகுப்புக்குள்ளே என்ன நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 – கடலோரம்

ஏட்டுச்சுவடி ஐயா, நல்ல இழை. வேலை காரணமாகச் சில வருடம் ஜெருசலேமில் இருந்தேன். தெரிந்தவர் ஒருவர் தான் படித்த யெஷிவாவின், அதாவது தால்முத் பயிலும் கல்விக்கூடத்தின், படிப்புக்கூடத்தில் என்னை உட்கார வைத்தார். அதற்குப் பெயர் பெத் மித்ராஷ்.

அமைதியான இடத்தை எதிர்பார்த்துப் போனேன். காலை நேரத்துச் சந்தை மாதிரி இரைச்சல். நீள மேசைகளில் எதிரும் புதிருமாக இரண்டிரண்டு பேர். நடுவில் பெரிய தால்முத் நூல் விரிந்திருக்கும். ஒருவர் அரமேய மொழியில் அரை வரி வாசிப்பார், அதுவும் ஒருவித ராகத்தில். கேள்வி வரும் இடத்தில் குரல் மேலே போகும், பதில் வரும் இடத்தில் இறங்கும். நிறுத்தற்குறியே இல்லாத மூலத்தில் அந்த ராகம்தான் கேள்வி எது, பதில் எது என்று பிரித்துக் காட்டுகிறது. அரை வரி முடிந்ததும் அதற்குத் தன் மொழியில் பொருள் சொல்வார். எதிரில் இருப்பவர் உடனே குறுக்கே விழுவார்: "அப்படி என்றால் மேலே நாலு வரிக்கு முன்னால் சொன்னது என்ன ஆகும்?" கை மேசையைத் தட்டும். ஒருவர் எழுந்து அலமாரியிலிருந்து இன்னொரு நூலை எடுத்து வந்து விரித்துக் காட்டுவார். இப்படி ஒரு பக்கத்தில் காலைப்பொழுது போய்விடும்.

இந்த இருவர் படிப்புக்கு ஹவ்ரூதா என்று பெயர். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பாடத்தோடு சேர்த்து, அந்தப் பாடத்தை எதிர்க்கிற பழக்கத்தையும் அவர்கள் கைமாற்றுகிறார்கள்.

தால்முதிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. ராபி (யூத மத ஆசான்) யோகனானும், லக்கிஷின் மகனான ரேஷ் லக்கிஷும் படிப்புத் தோழர்கள். ரேஷ் லக்கிஷ் ஒரு காலத்தில் கொள்ளைக்காரராக இருந்து படிப்புக்கு வந்தவர். இருவருக்கும் நடந்த ஒரு வாக்குவாதத்தில் மனம் புண்பட்டு, ரேஷ் லக்கிஷ் நோயில் விழுந்து இறந்துபோகிறார். யோகனான் தேறவே இல்லை. அவரைத் தேற்ற எலெயாசர் பென் பெதாத் என்ற கூர்மையான அறிஞரை அனுப்புகிறார்கள். யோகனான் எதைச் சொன்னாலும் எலெயாசர், "நீங்கள் சொல்வதற்கு ஆதரவாக ஒரு பழைய வாக்கு இருக்கிறது" என்பார். யோகனான் வெடித்துவிடுகிறார்: "நீ லக்கிஷின் மகனுக்கு ஈடாவாயா? நான் ஒன்று சொன்னால் அவன் 24 ஆட்சேபம் எழுப்புவான், நான் 24 பதில் சொல்வேன், விஷயம் தானாக விரியும். நீயோ நான் சொன்னது சரி என்கிறாய். நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியாதா?" பிறகு உடையைக் கிழித்துக்கொண்டு, "லக்கிஷின் மகனே, எங்கே இருக்கிறாய்?" என்று அழுதபடி திரிந்து, அறிவு கலங்கி இறந்தார் என்று கதை முடிகிறது.

ஆமாம் போடுகிற மாணவன் ஓர் ஆசிரியரைக் கொன்றுவிடுவான் என்று நம்பிய மரபு இது.

#3 – தென்றல்

கடலோரம் அண்ணா, படிக்கும்போதே சிலிர்த்தது. ஒரு சந்தேகம். இருவரும் மாணவர்கள் என்றால் ஆசிரியர் எங்கே? தவறாகப் புரிந்துகொண்டால் யார் திருத்துவார்கள்?

#4 – கடலோரம்

தென்றல், இரண்டு பதில் உண்டு. ஒன்று, ஆசிரியர் கட்டாயம் இருக்கிறார். இருவராக மாணவர்கள் தயார் செய்த பிறகு அவர் பாடம் எடுப்பார், அதற்கு ஷியூர் என்று பெயர். பக்கத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருவதால் எல்லாரிடமும் கேள்வி இருக்கும். பாடத்தின் நடுவே மாணவன் குறுக்கிட்டால் அது மரியாதைக் குறைவு ஆகாது.

இரண்டாவது பதில், அந்தப் பக்கமே ஆசிரியர்தான். தால்முத் பக்கத்தை ஒரு தடவை பார்த்தால் மறக்கமாட்டீர்கள். நடுவில் பத்தியாக மூலம். ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுத்த மிஷ்னாவும், அதைப் பற்றிப் பிறகு சில நூற்றாண்டுகள் நடந்த விவாதமான கெமாராவும். தையல் இருக்கும் உள்பக்கத்தில் ராஷியின் உரை. பிரான்சின் துருவா நகரத்தில் வாழ்ந்து 1105-இல் மறைந்தவர். மாணவன் எந்தச் சொல்லில் தடுக்குவான் என்று தெரிந்து, அந்த இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். வெளிப்பக்கத்தில் தோசஃபோத், அதாவது ராஷியின் பேரன்களும் அவர்கள் வழிவந்தவர்களும் எழுதியது. அவர்கள் முக்கால்வாசி நேரம் தாத்தாவோடு சண்டை போடுகிறார்கள். இந்த அமைப்பு 1520-களில் வெனிஸில் தானியேல் பொம்பெர்க் அச்சிட்ட பதிப்பிலிருந்து நிலைபெற்றது. பொம்பெர்க் ஒரு கிறிஸ்தவர் என்பதையும் சொல்லவேண்டும்.

பேரன் தாத்தாவை மறுத்ததற்கு ஓர் உதாரணம். தெஃபிலின் என்று தொழுகையின்போது கையிலும் நெற்றியிலும் கட்டும் தோல் பெட்டிகள். உள்ளே வேத வசனம் எழுதிய தோல் சுருள்கள் இருக்கும். எந்த வரிசையில் வைப்பது என்பதில் ராஷி ஒன்று சொன்னார், பேரன் ரபேனு தாம் வேறு சொன்னார். வழக்கில் நின்றது ராஷியின் வரிசை. ஆனாலும் பேரன் சொன்னதும் சரியாக இருக்கலாம் என்று இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாறி மாறிக் கட்டுகிறவர்கள் இன்றும் உண்டு.

ஆக, பக்கத்தைத் திறக்கிற பையன், தனக்கு முன்னால் ஆயிரம் வருடமாக நடக்கும் ஒரு வாக்குவாதத்துக்குள் நுழைகிறான். நீ என்ன சொல்கிறாய் என்று அவனையும் கேட்பார்கள்.

#5 – மதுரைக்காரி

நான் பள்ளி ஆசிரியை. ஹவ்ரூதா எல்லாம் வளர்ந்த பையன்களுக்கு. சின்னப் பிள்ளைக்கு, மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்த மரபில் என்ன இடம் என்று பார்த்தேன். அதைத்தான் நான் ஒரு கல்வி முறையின் உரைகல்லாக எடுத்துக்கொள்வேன்.

தால்முதின் எருவின் பகுதியில் ராபி பெரிதா என்று ஒருவர் வருகிறார். அவருக்கு ஒரு மாணவன். 400 தடவை சொன்னால்தான் அவனுக்குப் பாடம் ஏறும். அவரும் தினமும் 400 தடவை சொல்லிக்கொடுப்பார். ஒருநாள் ஒரு நல்ல காரியத்துக்கு அவரைக் கூப்பிட்டு ஆள் வந்தது. வழக்கம்போல 400 தடவை சொன்னார். அன்று அவனுக்குப் புரியவில்லை. "இன்றைக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். "உங்களைக் கூப்பிட்டார்கள் என்று காதில் விழுந்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. இதோ எழுந்துவிடுவார், இதோ எழுந்துவிடுவார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றான். "சரி, கவனத்தை இங்கே வை, சொல்லித் தருகிறேன்" என்று இன்னும் 400 தடவை சொன்னார்.

எத்தனை வகுப்பறைகளில் பிள்ளையின் இந்தப் பதிலை யாராவது கேட்டிருப்போம்? ஏன் புரியவில்லை என்று கோபம் இல்லாமல் கேட்டதால்தான் அவன் உண்மையைச் சொன்னான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூதச் சட்ட அறிஞர் இதைச் சட்டமாகவே எழுதிவைத்தார். மாணவர்களுக்குப் புரியவில்லை என்று ஆசிரியர் கோபிக்கக் கூடாது, எத்தனை தடவை ஆனாலும் திரும்பச் சொல்லவேண்டும். புரியாமலே புரிந்தது என்று மாணவன் சொல்லக் கூடாது. ஆசிரியர் கோபித்தால் அவன் சொல்லவேண்டிய பதிலும் அதில் இருக்கிறது: "குருவே, இது தோரா, நான் கற்றே ஆகவேண்டும், என் அறிவு குறுகியது." கேட்கிற உரிமையைப் பிள்ளையின் வாயில் எழுதியே கொடுத்திருக்கிறார்.

#6 – வரலாற்று மாணவன்

மதுரைக்காரி அம்மா, சட்டத்தில் இருந்தது எல்லாம் வகுப்பில் இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே மைமோனிடிஸ் சட்டத்தில் ஆசிரியர் சின்ன வாரால் அடிக்கலாம், கொடூரமாக அடிக்கக் கூடாது என்றும் இருக்கிறது.

கிழக்கு ஐரோப்பாவின் ஹேதரை, அதாவது சின்னப் பையன்களின் பள்ளியைப் பாருங்கள். மெலாமெத் என்ற வாத்தியாரின் வீட்டில் ஒரே அறை. அந்த அறையிலேயே அவர் குடும்பமும் இருக்கும். பையன்கள் மூன்று, நான்கு வயதில் வந்து, பொழுது முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். எழுத்து, பிறகு தொழுகைப் புத்தகம், பிறகு தோராவை வார்த்தை வார்த்தையாகத் தங்கள் பேச்சுமொழியான யித்திஷில் பொருள் சொல்லி ஒப்பித்தல். தொடங்குவது ஆதியாகமத்தில் இல்லை, பலிகளைப் பற்றிப் பேசும் லேவியராகமத்தில். தூய பிள்ளைகள் வந்து தூய பலிகளைப் படிக்கட்டும் என்று பழைய விளக்கம் உண்டு. மெலாமெத் பெரும்பாலும் ஏழை, வேறு வேலை கிடைக்காதவர், கையில் சவுக்கு. 19-ஆம் நூற்றாண்டில் எபிரேயத்தில் தன்வரலாறு எழுதிய பலர் தங்கள் ஹேதரைக் கசப்போடுதான் எழுதியிருக்கிறார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் "சீர்திருத்திய ஹேதர்" என்று ஓர் இயக்கமே வந்தது.

உள்ளிருந்தே எழுந்த கண்டனம் அதற்கும் பழையது. ஐந்து வயதில் வேதம், பத்தில் மிஷ்னா, பதின்மூன்றில் கட்டளைகள், பதினைந்தில் தால்முத் என்று மிஷ்னாவின் ஒரு பகுதியான ஆவோத் நூலில் ஒரு படிவரிசை இருக்கிறது. பிராக் நகரத்து ராபியான மகரால் 1609-இல் மறைந்தவர். வேதமும் மிஷ்னாவும் ஒழுங்காகத் தெரியாத சின்னப் பையன் தலையில் தால்முதை ஏற்றுகிறார்கள், வெறும் சாமர்த்தியம் காட்டும் வாதத்தைப் பெருமை என்று நினைக்கிறார்கள் என்று தன் காலத்து முறையைக் கடுமையாகச் சாடினார். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மரபு என்பது நல்லதை மட்டும் கைமாற்றுவதில்லை. பழகிப்போனதையும் கைமாற்றுகிறது.

#7 – மதுரைக்காரி

தம்பி, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். சவுக்கும் பரம்பரையாகத்தான் வந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். மகரால் எதை வைத்துச் சாடினார்? ஆவோத் நூலில் இருந்த அந்தப் படிவரிசையை வைத்து. அடிக்கிற வாத்தியாரை எதிர்க்க நினைத்தவருக்குப் பெரிதா கதையும் முன்கோபக்காரன் கற்பிக்க லாயக்கில்லை என்ற ஹில்லேலின் வாக்கும் கையில் இருந்தன. வெட்கப்படுகிறவன் கற்கமாட்டான் என்பது அதே வாக்கின் முதல் பாதி. தன்னைக் கண்டிக்கத் தேவையான வார்த்தைகளைத் தானே பத்திரப்படுத்தி வைத்திருக்கிற மரபை நான் மதிக்கிறேன்.

ஹேதரின் முதல் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுக்கால ஜெர்மனி யூதர்களிடையே ஒரு சடங்கு இருந்தது. பெந்தெகொஸ்தே நாளில், அதாவது அவர்களுடைய ஷாவுவோத் பண்டிகையில், தகப்பன் பிள்ளையை மேலாடையில் போர்த்தி ஆசிரியரிடம் தூக்கிக்கொண்டு போவார். பிள்ளை ஆசிரியர் மடியில் உட்காரும். பலகையில் எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து, மேலே தேன் தடவுவார்கள். பிள்ளை நக்கும். வசனம் எழுதிய அப்பமும் அவித்த முட்டையும் சாப்பிடத் தருவார்கள். வோர்ம்ஸ் நகரத்து எலெயாசர் 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் இதை எழுதிவைத்திருக்கிறார்.

#8 – செம்பருத்தி

முதல் பதிவிலிருந்து இதுவரை எல்லாம் பையன், தகப்பன், வாத்தியார். பெண் பிள்ளைகள் எங்கே?

#9 – வரலாற்று மாணவன்

சரியான கேள்வி, செம்பருத்தி. மிஷ்னாவிலேயே இரண்டு கருத்து பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. மகளுக்குத் தோரா கற்பிப்பது தகப்பன் கடமை என்கிறார் பென் அஸ்ஸாய். கற்பிப்பவன் அவளுக்கு ஒழுக்கக்கேட்டைக் கற்பிக்கிறான் என்கிறார் ராபி எலியேசர். பல நூற்றாண்டு எலியேசர் பக்கம்தான் சாய்ந்தது. வீட்டில் அம்மாவிடம் சமையல் விதிகள், ஓய்வுநாள் ஒழுங்கு, தொழுகைகள். அதற்கு மேல் அரிது.

உடைத்தது ஒரு தையல்காரி. க்ராகோவ் நகரத்து சாரா ஷெனிரெர். பையன்கள் யெஷிவாவில் இருக்க, பெண்கள் போலந்துப் பொதுப் பள்ளிக்குப் போய் மரபிலிருந்து விலகிக்கொண்டே போவதைப் பார்த்து, 1917-இல் பெண்களுக்காகப் பள்ளி தொடங்கினார். அதுதான் பெய்ஸ் யாக்கோவ் பள்ளிகளின் ஆரம்பம். அந்தக் காலத்து மிகப் பெரிய மத அறிஞரான ஹஃபெட்ஸ் ஹயிம் அவருக்கு ஆதரவாக நின்றார். பெண்கள் வீட்டு மரபைப் பார்த்தே கற்ற காலம் போய்விட்டது, இனி கற்பிக்காமல் இருப்பதுதான் ஆபத்து என்பது அவர் வாதம். மரபைக் காப்பாற்ற மரபை மாற்றவேண்டி வந்தது. ஆனால் அந்தப் பள்ளிகளிலும் தால்முத் பாடம் கிடையாது.

#10 – செம்பருத்தி

நெஹாமா லெய்போவிட்ஸ் பற்றி யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நானே எழுதுகிறேன். 1905-இல் ரீகாவில் பிறந்தவர், பிறகு ஜெருசலேமில் ஆசிரியை. 1942-இல் தொடங்கி வாரம் ஒரு தாள் தயாரித்தார், ஏறக்குறைய முப்பது வருடம். அந்த வாரம் தொழுகைக்கூடத்தில் வாசிக்கும் தோராப் பகுதியில் கேள்விகள் மட்டும் இருக்கும், பதில் இருக்காது. கஷ்டமான கேள்விக்கு ஒரு பெருக்கல் குறி, ரொம்பக் கஷ்டமானதற்கு இரண்டு. வீட்டுப் பெண்கள், படைவீரர்கள், கிபுத்ஸ் என்ற கூட்டுப்பண்ணை விவசாயிகள், ராபிகள் என்று எல்லாரும் பதில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். அவர் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினார். 1956-இல் இஸ்ரேல் பரிசு கிடைத்தது. 1997-இல் மறைந்தார்.

அவர் பிரபலமாக்கிய கேள்வி ஒன்று: "ராஷிக்கு இங்கே என்ன இடறியது?" ராஷி ஒரு வசனத்துக்கு விளக்கம் சொல்கிறார் என்றால், அந்த வசனத்தில் ஏதோ ஓர் உறுத்தல் இருந்திருக்கவேண்டும். விளக்கத்தை மனப்பாடம் செய்யாதே, உரையாசிரியரை நிறுத்திய அந்த முள்ளை முதலில் கண்டுபிடி என்பதுதான் அந்தப் பாடம். பழைய உரைகளைப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்து ஊர் ஒன்றையும் சொல்லவேண்டும். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுகள் பாடினார்கள். வேதக் கதைகள், கல்யாணப் பாட்டுகள், தங்கள் தொழுகைக்கூடங்களைப் பற்றிய பாட்டுகள். கையெழுத்து நோட்டுகளில் எழுதி வைத்து, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று வந்தன. 1950-களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போனபோது அந்த நோட்டுகளும் கூடவே போயின. கல்வி மரபு என்றால் அதையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும்.

#11 – கடலோரம்

செம்பருத்தி, கொச்சியைச் சொன்னதும் ஏமன் யூதர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அச்சுப் புத்தகம் அங்கே அரிது. மோரி என்ற ஆசிரியரைச் சுற்றிப் பிள்ளைகள் தரையில் உட்கார, நடுவில் ஒரே புத்தகம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்த பிள்ளை தலைகீழாக வாசித்துப் பழகினான், பக்கவாட்டில் இருந்தவன் பக்கவாட்டில் பழகினான். இஸ்ரேலுக்கு வந்த பிறகும் பெரியவர்கள் சிலர் எந்தத் திசையிலிருந்தும் தடையில்லாமல் வாசித்தார்கள். புத்தகம் இல்லாத குறையை வைத்துக்கொண்டே உச்சரிப்பை அவ்வளவு துல்லியமாகக் காப்பாற்றினார்கள்.

தோரா வாசிப்பே செவி வழி வருவதுதான். தொழுகைக்கூடத்தில் விரிக்கும் தோல் சுருளில் மெய்யெழுத்து மட்டும் இருக்கும். உயிர்க்குறி, நிறுத்தற்குறி, ராகக் குறி எதுவும் கிடையாது. 13 வயதுப் பையன் மாதக்கணக்கில் அச்சுப் புத்தகத்தில் குறிகளோடு பயிற்சி செய்து, தன் முறை வரும் நாளில் குறியே இல்லாத சுருளில் ராகத்தோடு வாசிக்கவேண்டும். பொருள் மாறும்படி ஒரு சொல் தவறினால், சுற்றி நிற்பவர்கள் உடனே உரக்கச் சொல்லித் திருத்துவார்கள். அவன் திரும்பப் போய்ச் சரியாக வாசிப்பான். வெட்கப்பட நேரம் கொடுக்கமாட்டார்கள். ராகம் ஊருக்கு ஊர் வேறு. போலந்து ராகம் ஒன்று, பாக்தாத் ராகம் ஒன்று, ஏமன் ராகம் ஒன்று.

#12 – ஏட்டுச்சுவடி

இழை எங்கெங்கோ போய் வளர்ந்திருக்கிறது, மகிழ்ச்சி. நான் பாஸ்கா இரவைச் சேர்க்கிறேன். கேட்கிற பழக்கம் யெஷிவாவுக்கு முன்னால் வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது என்பதற்கு அதுதான் சான்று.

எகிப்திலிருந்து விடுதலை பெற்ற கதையை அந்த இரவில் பிள்ளைக்குச் சொல்லவேண்டும். ஆனால் கதை சும்மா தொடங்காது, பிள்ளை கேட்கவேண்டும். வீட்டிலேயே சின்னப் பிள்ளை எழுந்து, "இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபட்டிருக்கிறது?" என்று ராகத்தோடு கேட்கும். பிள்ளைக்குக் கேள்வி எழவேண்டும் என்பதற்காகவே சில வேலைகள் செய்வார்கள். தால்முத் காலத்தில் வறுத்த தானியமும் பருப்புகளும் பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தூங்காமல் வைத்திருந்தார்கள். சாப்பிடும் முன்பே மேசையை எடுத்துவிட்டார்கள், இது என்ன என்று பிள்ளை கேட்கட்டும் என்று. பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்கவேண்டும். தனியாக இருப்பவன் தன்னையே கேட்டுக்கொள்ளவேண்டும். எல்லாச் சட்டமும் தெரிந்த இரண்டு அறிஞர்கள் மட்டும் இருந்தாலும் ஒருவரை ஒருவர் கேட்கவேண்டும்.

அந்த இரவில் வாசிக்கும் நூலில் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். அறிவுள்ளவன், எதிர்க்கிறவன், எளியவன், கேட்கத் தெரியாதவன். நாலு பேருக்கும் ஒரே பதில் கிடையாது, கேட்கிற விதத்துக்கு ஏற்ற பதில். கேட்கவே தெரியாதவனுக்கு நீயே தொடங்கிவை என்று பெரியவருக்குக் கட்டளை. எதிர்க்கிற பிள்ளைக்குக் கிடைக்கிற பதில் கடுமையானது, அது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் அவனுக்கும் அந்த மேசையில் இடம் போட்டிருக்கிறார்கள்.

#13 – வரலாற்று மாணவன்

மேசைக்குள் எந்தக் கேள்வி கேட்டாலும் சரி, மேசையை விட்டு எழுந்து போகலாமா என்று ஒருவன் கேட்டால்? நியூயார்க்கில் இதுதான் வழக்கு. ஹசிதியர் என்ற மரபுவழி யூதப் பிரிவினரின் சில யெஷிவாக்களில் படித்து வெளியே வந்தவர்கள், தங்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் அறிவியலும் போதிய அளவு கற்பிக்கவில்லை என்று 2015-இல் புகார் கொடுத்தார்கள். 2022-இல் மாநிலம் தனியார் பள்ளிகளுக்குப் புதிய விதி போட்டது. எங்கள் மரபில் அரசு கை வைக்கிறது என்று மறுபக்கம் எதிர்த்தது. 1803 வாக்கில் தொடங்கி நவீன யெஷிவாக்களுக்கெல்லாம் முன்மாதிரியாக நின்ற வொலோஜின் யெஷிவாவும், பொதுப் பாடம் பற்றி ருஷ்ய அரசு போட்ட நிபந்தனைகளுக்குப் பிறகு 1892-இல் மூடப்பட்டதுதான். ஆகப் பழைய சண்டை. என் மனம் புகார் கொடுத்தவர்கள் பக்கம்தான். 24 ஆட்சேபம் எழுப்பக் கற்றுக்கொடுத்துவிட்டு, வயிற்றுப்பாட்டுக்கு வழி கற்றுக்கொடுக்காமல் விட்டால் அது அநீதி.

#14 – மதுரைக்காரி

நானும் அவர்கள் பக்கம்தான். மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்காத தகப்பன் அவனுக்குத் திருடக் கற்றுக்கொடுக்கிறான் என்று ராபி யெகுதா சொன்னதும் தால்முதில்தான் இருக்கிறது.

#15 – கடலோரம்

இதில் எனக்கும் மறுப்பு இல்லை. என் கவலை வேறு. அதின் ஸ்டெய்ன்சால்ட்ஸ் என்ற ராபி 1965-இல் தொடங்கி 2010 வரை உழைத்து, தால்முத் முழுவதற்கும் உயிர்க்குறி, நிறுத்தற்குறி, எபிரேய விளக்கம் போட்டார். அப்போது எதிர்ப்பு வந்தது. இனி குரு தேவையில்லை, எதிரில் உட்காரத் தோழனும் தேவையில்லை என்று ஆகிவிடுமே என்று பயந்தவர்கள் உண்டு. 2017-இலிருந்து அவருடைய பதிப்பு யூத நூல்களை இணையத்தில் தரும் செஃபாரியா தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. எனக்கும் கொஞ்சம் பயம் இருக்கிறது. எழுத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், "நீ சொல்வது தப்பு" என்று சொல்ல எதிரில் ஆள் வேண்டுமே.

#16 – செம்பருத்தி

அண்ணா, பென் கம்லாவை மறந்துவிட்டீர்களா? அப்பா கூட்டிப்போகாத பிள்ளைக்கு அந்தத் தளம்தான் கதவு. யெஷிவாவில் பெண்ணான என்னை உட்கார வைத்திருக்கமாட்டார்கள். ஆள் வேண்டும் என்றால் இங்கே நாங்கள் இருக்கிறோமே. தமிழிலேயே தொடங்குங்கள்.

#17 – தென்றல்

நானும் வருகிறேன். எங்கே தொடங்குவது?

#18 – கடலோரம்

சரி, முதல் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். பாபிலோனியத் தால்முத் 2,711 ஏடுகள். அதை நாளுக்கு ஓர் ஏடு என்று உலகம் முழுக்க ஒன்றாகப் படிக்கும் வழக்கத்தை ராபி மேயிர் ஷபிரோ 1923-இல் தொடங்கிவைத்தார், ஒரு சுற்று ஏழரை வருடம். நமக்கு அவசரம் இல்லை.

பெரகோத் என்ற பகுதி, முதல் மிஷ்னா. "மாலையில் ஷெமா ஓதுவது எந்த நேரத்திலிருந்து?" ஷெமா என்பது ஏட்டுச்சுவடி ஐயா முதலில் சொன்ன அதே உபாகமப் பகுதி. பதில்: குருமார் தங்கள் காணிக்கை உணவை உண்ண உள்ளே போகும் நேரத்திலிருந்து. எதுவரை? ராபி எலியேசர் முதல் சாமம் முடியும்வரை என்கிறார். அறிஞர்கள் நள்ளிரவுவரை என்கிறார்கள். ரபான் கமலியேல் விடியும்வரை என்கிறார். பிறகு ஒரு சம்பவம். கமலியேலின் பிள்ளைகள் விருந்துக்குப் போய்விட்டு நேரம் கழித்து வந்து, "அப்பா, நாங்கள் ஷெமா ஓதவில்லையே" என்றார்கள். "இன்னும் விடியவில்லை என்றால் நீங்கள் ஓதியே ஆகவேண்டும்" என்றார்.

இதற்குப் பிறகு மிஷ்னாவில் இன்னும் சில வரி உண்டு. வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். தென்றல், எது இடறுகிறது?

#19 – தென்றல்

முதலில், எந்த நேரம் என்று கேட்டால் மணியைச் சொல்லாமல் குருமார் சாப்பாட்டை ஏன் இழுக்கிறார்கள்?

அப்புறம் அந்தப் பிள்ளைகள். பெரும்பான்மை அறிஞர்கள் நள்ளிரவோடு முடிந்தது என்கிறார்கள். அப்பா ஒருவர்தான் விடியும்வரை என்கிறார். பலர் சொல்வதுதான் சட்டம் என்றால், அப்பா தன் சொந்தக் கருத்தை வைத்து எப்படிப் பிள்ளைகளை ஓதச் சொல்லலாம்? அந்தப் பிள்ளைகளுக்கும் அப்பாவின் கருத்து முன்பே தெரிந்திருக்குமே, பிறகு எதற்குக் கேட்டார்கள்?

#20 – கடலோரம்

தென்றல், இரண்டாவதாக நீங்கள் கேட்டதை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், 9-ஆம் ஏட்டில் கேட்கிறார்கள். அங்கே போய்ப் பார்க்கவேண்டாம். செம்பருத்தி, நீங்கள் கமலியேல் பக்கம் நின்று முதலில் ஒரு பதில் எழுதுங்கள். வரலாற்று மாணவன் அதை மறுக்கட்டும்.

#21 – செம்பருத்தி

எழுதுகிறேன். கமலியேல் பக்கம் என் முதல் வாதம்: அறிஞர்கள் நள்ளிரவு என்று சொன்னது, அதற்கு மேல் ஓத முடியாது என்பதற்காக இருக்காது. விடியும்வரை நேரம் இருக்கிறது என்று விட்டால் அலுத்துப்போய் வருகிறவன் கொஞ்சம் சாய்ந்துவிட்டு ஓதலாம் என்று தூங்கியே போவான். அதற்காக முன்னால் ஒரு வேலி போட்டிருக்கலாம். அப்படி என்றால் கமலியேல் அவர்களை மறுக்கவே இல்லை. பிள்ளைகள் கேட்டதும் அதைத் தெரிந்துகொள்ளத்தான்.

#22 – வரலாற்று மாணவன்

வேலி என்றால், எலியேசர் முதல் சாமத்தோடு நிறுத்தியதும் வேலிதானா? அதை மட்டும் ஏன் உண்மையான எல்லை என்று எடுத்துக்கொள்கிறீர்கள்? முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.